ஓர் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு குழு: தொடங்கியது, அறுந்தது, மறுபடி பிடித்தது

இந்தப் பதிவு ஏன்

குடியாத்தம் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு குழுவைப் பற்றியது இது. பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். நான் அங்கே படித்தவன். குழுவை மறுபடி தொடங்கியபோது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் கூட இருந்தவன். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் சிலர், "நாங்களும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் சார், எவ்ளோ செலவாகும்?" என்று விசாரிக்கிறார்கள். செலவைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த வகுப்புப் பிள்ளைகள், யார் சொல்லித் தருவது, சொல்லித் தருகிறவர் வராத நாளில் என்ன நடக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் டிரம் வாங்கினால் அது பீரோ மேல் தூசி பிடிக்கும். இங்கே ஒரு தடவை அப்படி நடந்தும் இருக்கிறது.

பின்னணி

பழைய வடஆர்க்காடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மாவட்டம். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களில் சிலர் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் ஆனார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது, பள்ளிகளிலும் அணிவகுப்புக்கு மவுசு கூடியது. இந்தப் பள்ளிக்கு ஒரு டிரில் மாஸ்டர் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். ரெஜிமென்ட் பேண்டில் சைடு டிரம் வாசித்தவர்.

அப்போதைய தாளாளர் அவர் கேட்டதை வாங்கிக் கொடுத்தார். பேண்டு சாமான் என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் மீரட்தான். ரயில் பார்சலில் காட்பாடி வந்து இறங்கிய சாமான்களின் பட்டியல் பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இன்னும் இருக்கிறது: சைடு டிரம் 8, டெனார் டிரம் 2, பேஸ் டிரம் 1, பியூகிள் 6, புல்லாங்குழல் 10, சிம்பல் ஒரு ஜோடி, டிரையாங்கிள் 1, டிரம் மேஜர் பிடிக்கும் தண்டம் 1. நீல மையில், அழகான கையெழுத்து.

மாஸ்டர் நொட்டேஷன் எதுவும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் வாய்ப்பாடம். சைடு டிரம்மில் முதலில் சொல்லித் தருவது 'டாடி-மம்மி'. இடது கையில் இரண்டு அடி, வலது கையில் இரண்டு அடி; மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போனால் தனித்தனி அடி மறைந்து ஒரே உருட்டாகிவிடும். பட்டாள பேண்டுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் பெயர் அது. பெஞ்சின் மேல் குச்சியால் இதை மாதக்கணக்கில் அடித்த பிறகுதான் டிரம்மைத் தொட விடுவார். பியூகிளுக்கு வால்வு கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்தாறு சுரம்தான் எடுக்க முடியும். அதில் தேசிய கீதம் வராது. சிறப்பு விருந்தினர் வரும்போதும் கொடி ஏறும்போதும் சல்யூட் அழைப்பு ஊதுவது பியூகிள்காரன் வேலை. 52 நொடி தேசிய கீதத்தை வாசிப்பது புல்லாங்குழல் பையன்கள் வேலை.

அவர் போட்ட ஏற்பாடுகளில் முக்கியமானது வேறு ஒன்று. ஒரு சீனியருக்கு ஒரு ஜூனியர் என்று ஜோடி கட்டிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன் தன் டிரம்மை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறானோ, அவனுக்குத் தானே கற்றுத் தர வேண்டும். ஜூனியர் சொதப்பினால் திட்டு சீனியருக்கு. அவர் எண்பதுகளில் ஓய்வுபெற்றுப் போன பிறகும் பேண்டு ஓடியது இதனால்தான். அடுத்து வந்த உடற்கல்வி ஆசிரியர்களில் டிரம் தெரிந்தவர் எவரும் இல்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

தேய்மானம்

1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை உயர்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புவரை இருந்தது. அப்புறம் பத்தோடு முடிந்தது. கல்வித் துறைக்கு அது பாடத்திட்ட மாற்றம். பேண்டுக்கோ, நெஞ்சில் வலுவுள்ள மூத்த பையன்கள் ஒரு வருடம் முன்னதாகவே வெளியே போய்விட்டார்கள் என்று அர்த்தம். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு வகுப்பாக மாறியதும், அந்த வருடம் பையனை மைதானத்தில் பார்த்தாலே வகுப்பாசிரியருக்கு முகம் மாறும். ஆக ஏழில் சேர்ந்து, எட்டில் கற்று, ஒன்பதில் வாசித்துவிட்டு வெளியேறும் கணக்கு வந்தது. ஒரு பேண்டு மாணவனின் உருப்படியான ஆயுள் இரண்டு வருடம்.

ஒவ்வொரு செட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தொலைந்தது. ஸ்லோ மார்ச் முதலில் போனது. பியூகிள் அழைப்புகள் பல இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. புல்லாங்குழல் இரண்டாயிரத்துக்குப் பிறகு வாசிக்கப்பட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நடக்கிற அளவுக்கு டிரம் சத்தம் இருந்துகொண்டே இருந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2021 தொடக்கத்தில் மேல்வகுப்புகள் கொஞ்ச நாள் நடந்து மறுபடி நின்றன. ஒன்பதாம் வகுப்பு முதலான மாணவர்கள் 2021 செப்டம்பரிலும், சின்ன வகுப்புகள் நவம்பரிலும் வந்தார்கள். வந்த பிறகும் பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. முழுக் கல்வியாண்டு என்று ஒன்று மறுபடி தொடங்கியது 2022 ஜூனில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பள்ளி மூடியபோது எட்டில் இருந்தவர்கள் அதற்குள் பத்தை முடித்துப் போய்விட்டார்கள். அப்போது ஏழில் இருந்தவர்கள் அந்த ஜூனில் பத்தாம் வகுப்பு; அவர்கள் பெஞ்சில் குச்சி அடித்ததோடு சரி. டிரம்மைத் தோளில் மாட்டி நடந்த ஒரு பிள்ளைகூட அந்த வளாகத்தில் மிச்சமில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய சங்கிலி, யாரும் நிறுத்தச் சொல்லாமலே நின்றது.

கண்டறிந்தவை

அந்த வருடம்தான் புதுத் தலைமையாசிரியை வந்தார். ஆகஸ்ட் 15 சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவு. ஊரே கொடியாக இருந்தது. பள்ளியில் கைபேசியை ஸ்பீக்கரில் இணைத்து ராணுவ பேண்டு இசையை ஓடவிட்டு அணிவகுப்பு நடந்தது. நடுவில் விளம்பரம் வந்தது. பழைய மாணவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். சரி, அறையைத் திறந்து பார்ப்போம் என்று முடிவானது.

சைடு டிரம் எட்டில் நான்கின் தோல் கிழிந்திருந்தது. எதிலும் அடிப்பக்கத்துக் கம்பி இல்லை. அந்தக் கம்பி தோலில் உரசி அதிர்வதுதான் சைடு டிரம்முக்கு அந்தச் 'சர்' என்ற சத்தத்தைத் தருகிறது. அது இல்லாவிட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் தொப்பென்று கேட்கும். கயிற்றை இறுக்கும் தோல் காதுகள் காய்ந்து, தொட்டாலே உடைந்தன. பேஸ் டிரம்மின் ஒரு பக்கத்தை எலி தின்றிருந்தது. பியூகிள்கள் பச்சைக் களிம்பேறி, இரண்டில் ஊதுவாய் இல்லாமல் கிடந்தன. புல்லாங்குழல் ஒன்றுகூட இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் ஊர்கள். தோலுக்கா பஞ்சம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். டேனரியில் பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் ஆகும், டிரம்முக்கு ஆகாது. பதனிடாத பச்சைத் தோலை மயிர் நீக்கிச் சுரண்டி, விறைப்பாக இழுத்துக் காயவைத்தால்தான் நாதம் வரும். அந்த வேலை தெரிந்தவர்கள் மேளம், தபேலா செய்யும் ஆட்கள். இன்றைக்குப் பெரும்பாலான பேண்டுகளில் பிளாஸ்டிக் முகம்தான், மழைக்காலத்தில் தொய்யாது.

இன்னொரு சிக்கலை ரிஜிஸ்டர்தான் காட்டிக்கொடுத்தது. கணக்கின்படி பள்ளியில் எட்டு சைடு டிரம் இருக்கிறது. உடைந்ததைக் கண்டம் செய்து, அதாவது இனி உதவாது என்று எழுதி, கழிக்க வேண்டும் என்றால் விண்ணப்பம், ஆய்வு, தணிக்கை என்று ஒரு வழி இருக்கிறது. முப்பது வருடமாக அந்த வழியில் யாரும் போகவில்லை. ஒவ்வொரு தணிக்கையிலும் "உள்ளது" என்று டிக் அடித்திருக்கிறார்கள். அதனால் புதிது வாங்கப் பள்ளிக் கணக்கில் பணம் கேட்கவும் முடியாது.

முதல் முயற்சி

வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் பணம் தர முன்வந்தார்கள். டிரம்பெட், யூபோனியத்தோடு முழு பித்தளை பேண்டே வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. தலைமையாசிரியை அதற்கு மட்டும் அணை போட்டார். பிளாஸ்டிக் முகம் போட்ட சைடு டிரம் ஆறு, பேஸ் டிரம் ஒன்று, பியூகிள் இரண்டு என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் வாங்கினோம். பள்ளிகளுக்கு பேண்டு பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தை வேலூரிலிருந்து வரவழைத்தோம். குடியரசு தினத்துக்கு நான்கு மாதமே இருந்ததால், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி.

2023 ஜனவரி 26 அமர்க்களமாக நடந்தது. படங்கள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றின. ஜூனில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் பத்தாம் வகுப்பு. சிறப்பு வகுப்பு, டியூஷன். பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. அவர்கள் சொல்லித் தந்தது எதையும் எட்டாம் வகுப்பில் ஒருவரும் அருகில் நின்றுகூடப் பார்த்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை என்பதால். டிரம்கள் பீரோ மேல் ஏறின.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை. நான்கு மாதத்தில் ஒரு விழா என்று கேட்டோம், கொடுத்தார்கள்.

இரண்டாவது முடிவும் அதற்கான காரணமும்

ஜூலையில் கூடிய கூட்டத்தில் தலைமையாசிரியை மூன்று நிபந்தனை வைத்தார். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். வாரநாளில், எல்லோரும் பார்க்கிற மாதிரி மைதானத்தில். வருகிற ஆகஸ்ட் 15-க்கு வாசிக்கக் கூடாது. மூன்றாவதுக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "வாங்கின டிரம் சும்மா கிடக்குதே மேடம்" என்றார்கள். விழாவுக்காகப் பயிற்சி என்றால் விழா முடிந்ததும் பயிற்சியும் முடிந்துவிடும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். அவர் சொன்னது சரி.

வாரநாளில் வர வேண்டும் என்றால் உள்ளூர் ஆள் வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் இருந்தார். கல்யாண பேண்டு செட்டு வைத்திருப்பவர். டிரம்பெட், சைடு டிரம் இரண்டும் கைவந்தவர். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் செட்டு வராத வருடம் இல்லை. கல்யாணத்துக்குப் போவதுபோல் சாவுக்கும் போவார். சிக்கல் அங்கேதான் வந்தது.

ஆட்சேபம் யாருக்கும் வாயில் நேராக வரவில்லை. "சினிமாப் பாட்டு அடிக்கிற ஆளுக்கு மார்ச் தெரியுமா?" என்று தொடங்கியது. அப்புறம் ஒருவர், "இன்னா சார், மோளம் அடிக்கவா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறோம்?" என்றார். போன வருடம் அதே பிள்ளைகளின் அண்ணன்மார் அதே டிரம்மை அடித்தபோது இதே ஆள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். டிரம்மில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. சொல்லித் தரப்போகிறவர் எந்தத் தெருக்காரர், தோல் கருவியைத் தொடுவது யார் வேலை என்ற பழைய கணக்குதான் பேசியது. வெள்ளைக் கால்சட்டையும் சிவப்புப் பட்டியும் போட்டால் அது பேண்டு, இல்லாவிட்டால் மோளம்.

தலைமையாசிரியை கூட்டத்தில் வாதாடவில்லை. அலுவலக வழியில் முடித்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தீர்மானத்தில் 'பேண்டு ஆசிரியர்' என்று எழுதி நியமித்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி. பிள்ளைகள் 'சார்' என்று கூப்பிட வேண்டும். மாதம் 5,000 ரூபாய். அரசுப் பள்ளிகளில் 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த அதே தொகை. பதினோரு வருடம் கழித்து அது கைச்செலவுக்குத்தான் காணும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முதல் நாள் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை யாரும் போய்க் கெஞ்சவில்லை. ஒரு பையன் மட்டும் மறு வருடம் தானாக வந்து சேர்ந்தான்.

அவருடைய நாட்காட்டி பள்ளிக்குப் பொருந்திப்போனது நாங்கள் திட்டமிட்டதல்ல. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடி முடிகிற கையோடு சுதந்திர தினம், மார்கழி கழிந்து இரண்டு வாரத்தில் குடியரசு தினம். பள்ளிக்கு ஆள் தேவைப்படும் மாதங்களில் அவர் ஊரில் இருப்பார். ஆடியில் கூழ் ஊற்றும் கோயில்களுக்கு மட்டும் ஞாயிறு போவார்.

நடந்தவை

அவர் கற்றுத் தந்த முறையும் பழைய டிரில் மாஸ்டர் முறையும் பெரிதாக வேறுபடவில்லை. டாடி-மம்மி அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய அப்பாவுக்கு ஒரு பட்டாளக்காரர் சொல்லித் தந்ததாம். முதல் பருவம் முழுக்க பெஞ்சும் குச்சியும்தான். தலை எண்ணிச் சேர்த்தபோது பெண் பிள்ளைகள் பாதிக்கு மேல். பழைய பேண்டில் பெண்களே கிடையாது; அதைப் பற்றி யாரும் வாய் திறக்காதது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். பேஸ் டிரம்மை மாட்டியது ஓர் ஏழாம் வகுப்புப் பெண். வார் பெரியவர்களின் அளவுக்குத் தைத்தது என்பதால் டிரம் முழங்காலில் இடித்தது. ஊர் தையல்காரர் வாரைக் குறைத்து, தோளில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

2024 ஜனவரி 26-ல் முதல் முறையாக வாசித்தார்கள். டிரம் மட்டும். கொடி ஏறும்போது ஒரு பையன் பியூகிள் ஊதினான். மேல் சுரத்தில் பிசிறடித்தது. தேசிய கீதத்தைப் பிள்ளைகள் பாடினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தையும் பேண்டில் வாசிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்கிறது. அதோடு பாட்டு மோகன ராகத்தில் மூன்றன் நடையில் அமைந்தது. இடது-வலது என்று இரண்டில் பழகிய கை அதில் தடுமாறும். அந்த 55 நொடியும் டிரம்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது என்று பேண்டு மாஸ்டர் முடிவு செய்தார்.

ஜூனில் புதிதாக ஆறாம் வகுப்பு வந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஜூனியரை ஒப்படைத்தோம். பழைய மாணவர்களிடம் கேட்டறிந்த ஏற்பாடு இது. அந்த வருட மழையில், நாங்கள் ஆசைக்காகத் தோல் போட்டுச் சரிசெய்திருந்த இரண்டு பழைய டிரம்களும் தொய்ந்து சத்தமே எழாமல் போயின. பிளாஸ்டிக் முகம் போட்டவை அப்படியே இருந்தன.

நாங்கள் எதிர்பார்த்த சோதனை 2025 ஆவணியில் வந்தது. சுதந்திர தின விழா முடிந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கின. மாஸ்டருக்கு அடுத்தடுத்து வெளியூர்க் கல்யாணங்கள், பல வாரம் வர முடியவில்லை. பயிற்சி நிற்கவில்லை. முதல் செட்டில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த பேஸ் டிரம் பெண் விசிலை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை பெஞ்சில் உட்காரவைத்து, "லெஃப்ட் லெஃப்ட் ரைட் ரைட், வேகம் வேணாம், சத்தம் ஒரே மாதிரி வரட்டும்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் திரும்பி வந்தபோது புதுப் பிள்ளைகளுக்கு உருட்டு பாதி வந்திருந்தது.

மாவட்ட விழாவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. பித்தளை வாத்தியம் எதுவும் வாங்கவில்லை. புல்லாங்குழல் கற்றுத் தர ஆள் கிடைக்கவில்லை. மாஸ்டருக்கு அது தெரியாது.

மறுபடி செய்தால் மாற்றுவது

ஒப்பந்தப் பயிற்சிக்குச் செலவிட்ட பணத்தில் மாஸ்டரின் ஒரு வருடச் சம்பளத்தைக் கூட்டியிருக்கலாம். 5,000 ரூபாய்க்கு ஒருவர் வருகிறார் என்றால் அது அவருடைய நல்ல மனசு. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இப்போது முன்னாள் மாணவர்களிடம் மாதச் சந்தாவாகக் கேட்கிறோம். ஒரே தடவையாகத் தந்தவர்கள் அதிகம். சந்தாவுக்குச் சம்மதித்தவர்கள் குறைவு.

பத்தாம் வகுப்பு வந்ததும் அடியோடு வெட்டிவிடுவது தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலை ஜூனியருக்குச் சொல்லித் தர மட்டும் விட்டால் போதும் என்று வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறோம். ஒருவர் சரி என்றார். மற்றவர் காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அடிகளையும் அழைப்புகளையும் கைபேசியில் பதிவு செய்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். டிரில் மாஸ்டர் காலத்துப் பையன்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அந்தத் தொலைந்துபோன ஸ்லோ மார்ச் இன்னும் கையில் இருக்கிறது. ஒருவர் மேசையில் தட்டிக் காட்டினார். மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். வருகிற குடியரசு தினத்துக்கு முயல்வதாகச் சொல்கிறார்.

கண்டம் செய்யும் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட்டிருக்க வேண்டும். இப்போது பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு கணக்கு, கழகத்தின் ரிஜிஸ்டரில் ஒரு கணக்கு என்று இரண்டு ஓடுகின்றன. பழைய டிரம் எட்டையும் பியூகிள் ஆறையும் கழிக்கக் கேட்டு இந்த வருடம் கடிதம் போயிருக்கிறது.